டீட்ஸின் வழக்கு: அந்தத் தீர்ப்பு செல்லுமா?

பழைய ரீல்:
ஃபிராங்க் காப்ராவின் 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' (1936) படத்தை நேற்று மூன்றாம் முறை பார்த்தேன். முடிவு இம்முறையும் உறுத்துகிறது. வெர்மான்ட் சிற்றூரில் டியூபா என்ற பெரிய ஊதுகுழலை ஊதிக்கொண்டிருக்கும் டீட்ஸுக்கு (கேரி கூப்பர்) மாமாவின் சொத்து 2 கோடி டாலர் வந்து சேர்கிறது. காதலிக்கு எழுதிய கவிதையை வாய்விட்டுப் படிக்கவும் கூசி, தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடி, குப்பைத் தொட்டிகளில் இடறி விழுகிறவன் அவன். அதே ஆள், பைத்தியம் என்று அடைக்கப் பார்க்கும் வழக்கில் தேர்ந்த வக்கீலைப் போல் வெளுத்து வாங்குகிறான். நம்பவே முடியவில்லை.

தேன்சிட்டு:
கூச்சமெல்லாம் அவளிடம் மட்டும்தான். உணவகத்தில் கேலி செய்த கவிஞர்களைக் கைநீட்டி அடித்தவனை மறந்துவிட்டீர்களே! விசாரணையில் அவன் வாய் திறக்காதது ரோஷத்தால். தன்னைப் பத்திரிகையில் 'சிண்ட்ரெல்லா மனிதன்' என்று எழுதி ஊர் சிரிக்க வைத்தவளே அவள் என்று தெரிந்தபின் யாரிடம் பேசுவான்? அவன்மேல் காதல் என்று அவள் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுந்திருக்கிறான். எனக்கு அது போதும்.

பழைய ரீல்:
சரி, ரோஷம். ஆனால் வாதம்? மனநல மருத்துவர் தாளில் கிறுக்குகிறார், நீதிபதி 'ஓ' எழுத்தின் நடுவே மை நிரப்புகிறார், நான் டியூபா ஊதினால் மட்டும் பைத்தியமா என்கிறான். கைதட்டல் கிடைக்கும், தீர்ப்பு கிடைக்குமா? போதாததற்கு, வழக்கின் பின்னால் இருக்கும் ஜான் சீடர் என்ற வக்கீலின் முகத்தில் நீதிபதி கண்ணெதிரே ஒரு குத்து. உடனே, இந்த நீதிமன்றத்துக்குள் வந்தவர்களிலேயே இவன்தான் தெளிந்தவன் என்று தீர்ப்பு!

வரப்பு:
இருவரும் வேலையற்ற விவசாயிகளை மறந்துவிட்டீர்கள். பொருளாதார மந்தத்தில் நிலம் இழந்தவர்கள். டீட்ஸின் திட்டம்: குடும்பத்துக்கு 10 ஏக்கர், ஒரு குதிரை, ஒரு பசு, விதை; மூன்றாண்டு உழைத்தால் நிலம் சொந்தம். 2,000 குடும்பங்களுக்கு 1.8 கோடி டாலர் என்றால் தலைக்கு 9,000. இதைக் கொடுக்க நினைத்ததுதான் பைத்தியக்காரத்தனத்துக்குச் சாட்சி! வழக்கின் சாரமே அதுதான். ஆனால் ஒருவருக்காவது நிலம் கைக்கு வந்ததா என்று படம் காட்டுவதில்லை. அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவதோடு சரி.

தேன்சிட்டு:
வரப்பு ஐயா, நகைச்சுவைப் படத்தில் பட்டா பதிவைக் காட்டுவார்களா என்ன? மாட்டைக் கொட்டிலில் கட்டும் காட்சியும் வேண்டுமா?

வரப்பு:
வேண்டும். நான் விவசாயி மகன்.

பழைய ரீல்:
மாமாவின் சொத்துக் கணக்கில் 5 லட்சம் டாலர் குறைவதை மறைக்கத்தானே சீடர் இவ்வளவு பாடுபட்டார்? அதைப் பற்றி விசாரணையில் ஒரு பேச்சும் இல்லை. ஒரு குத்தோடு கணக்குத் தீர்ந்துவிட்டது.

தேன்சிட்டு:
அதில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். தீர்ப்பில் இல்லை. டீட்ஸின் ஊரிலிருந்து சாட்சி சொல்ல வந்த அந்த முதிய சகோதரிகளைக் கேட்டால் டீட்ஸை மோகினி பிடித்தவன் என்பார்கள். தங்களைத் தவிர ஊரே அப்படித்தான் என்பார்கள். கடைசியில் அவன் காதலியைத் தூக்கிக்கொண்டதைப் பார்த்தும் அவர்கள் கருத்து மாறவில்லை. அப்பீல் போவதானால் அவர்களிடம் போங்கள்.