அலங்கார வெங்காயம் – புதுப்பிப்பு: இலை காய்வதும் பூ வராததும்

பூவுக்காக வளர்க்கும் அலங்கார வெங்காயமான அலியத்தின் கிழங்கை இலையுதிர் காலத்தில், அதன் உயரத்தைப்போல் 3 மடங்கு ஆழத்தில் நடுவது பற்றிய முந்தைய பதிவின் தொடர்ச்சி இது.

மொட்டு எழும்போதே இலை நுனி மஞ்சளாகிக் காயும். நோயல்ல, பெரிய பூத்தலை கொண்ட ரகங்களின் இயல்பே அதுதான். பார்க்க நன்றாக இல்லையென்று பச்சையாக இருக்கும்போதே வெட்டினால் அடுத்த ஆண்டுக் கிழங்கு சிறுத்துவிடும். முன்வரிசையில் குட்டைச் செடி வைத்து மறைத்துவிடுங்கள்.

இலை மட்டும் வந்து பூவே வரவில்லையா? தோண்டிப் பாருங்கள். கிழங்கு பல குட்டிகளாகப் பிரிந்து நெருக்கியடித்துக் கிடந்தால், இலை முழுதும் காய்ந்தபின் பிரித்து, பெரியவற்றை 20 செ.மீ. இடைவெளியில் நடலாம். கிழங்கின் அடித்தட்டு (வேர் விடும் அடிப்பகுதி) கொழகொழவென்று அமுங்கி நாறினால் அழுகல், நீர் தேங்கியிருக்கிறது. களிமண்ணில் குழியடியில் மட்டும் மணல் போடுவது வீண், சுற்றியுள்ள நீரெல்லாம் அங்கேதான் இறங்கும். மேட்டுப்பாத்திதான் வழி.

குளிரே இல்லாத ஊரென்றால் நடுமுன் 10 வாரமாவது காகிதப் பையில் குளிர்பதனப் பெட்டியில் (உறைபகுதியில் அல்ல) வைக்க வேண்டும். பக்கத்தில் ஆப்பிள் கூடாது, அது வெளிவிடும் எத்திலீன் வாயு பூக்குருத்தைக் கெடுக்கும்.

'பர்ப்பிள் சென்சேஷன்' என்ற அலியம் ரகம் தானாகவே விதை உதிர்த்து முளைக்கும், ஆனால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும், நிறமும் தாய்ச்செடிபோல் இருக்காது. 'குளோப்மாஸ்டர்' மலட்டு ரகம். கிழங்கைப் பிரித்துத்தான் பெருக்க முடியும்.