நடுவழியில் கைகொடுத்த மலிவு வைத்தியங்கள்: உங்கள் கார் அனுபவம் என்ன?

பிறைவாசி:
போன சனிக்கிழமை தீவுக்குப் போகலாம் என்று பினாங்குப் பாலத்தில் ஏறினேன். முன்னால் எங்கோ விபத்து, பயங்கர ஜேம். கடலுக்கு மேல் மட்டும் 8.4 கிலோமீட்டர், அதில் பாதிகூடத் தாண்டவில்லை, டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறுகிறது. ஒதுங்க இடம் இல்லை. இன்டர்நெட்டில் எல்லோரும் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடு, எஞ்சின் சூடு குறையும் என்கிறார்கள். என்னுடையது பழைய குட்டிக் கார், அதில் ஹீட்டரே கிடையாது! நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் இருக்காது, இந்த வெயிலில் அதை யார் கேட்டார்கள். ஏர்கோனை அடைத்தேன், கண்ணாடியை இறக்கினேன், வண்டி நின்ற போதெல்லாம் எஞ்சினையும் அடைத்து, நகரும்போது மட்டும் ஸ்டார்ட் செய்து, எப்படியோ குளுகோர் பக்கம் இறங்கி ஒரு மாமாக் கடை ஓரமாக நிறுத்தினேன்.

போனட்டைத் திறந்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் குட்டி சுவிட்ச், ஞாபகம் வந்தது. ஃபியூஸ் பெட்டியில் ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே அளவு, மேலே ஒரே நம்பர், கீழே ஒரே மாதிரி நாலு கால். ஹாரனுடையதைப் பிடுங்கி ஃபேன் இடத்தில் செருகினேன், 'டக்' என்று ஒரு சத்தம், ஃபேன் ஓட ஆரம்பித்துவிட்டது. செலவு சுழியம். மூன்று நாள் ஹாரன் இல்லாமல் ஓட்டினேன், அதுதான் கஷ்டம். புது ரிலே 12 வெள்ளி (ரிங்கிட்). உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்:
அண்ணே, நம்பரும் காலும் ஒன்றாக இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், ஆளாளுக்குக் கையில் கிடைத்ததைச் செருகிவிடப் போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் போன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்து, டேஷ்போர்டுக்குள் வயர் முழுக்க உருகி வழிந்தது.

என் கதை காராக் நெடுஞ்சாலையில் நடந்தது. குவாந்தானில் கல்யாணம், கோம்பாக் டோல் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்து ஒரே ஆவி. பின்னால் லாரி ஓட்டி வந்த மலாய்க்காரப் பாக்சிக் (பெரியவர்) ஒருவர் நிறுத்தி இறங்கினார். நான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன், ஒரு அதட்டல் போட்டார். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, திறந்த அடுத்த நொடி அத்தனையும் மூஞ்சியில்தான். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

அவர் லாரியிலிருந்து பழைய மோட்டார் டியூப் ஒன்றை எடுத்து, இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டினார். ஹோஸைத் துணியால் ஈரம் இல்லாமல் துடைத்தார். நான் நேராக ஓட்டையின் மேலேயே சுற்றுவார் என்று நினைத்தேன், அவர் ஒரு சாண் தள்ளி ஆரம்பித்து, ரப்பரை இழுத்து மெலிய வைத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதி ஏறும்படி சுற்றிக்கொண்டே போய், அந்தப் பக்கமும் ஒரு சாண் தாண்டி, இரண்டு முனையிலும் கம்பி போட்டு முறுக்கினார். தண்ணீரை ஊற்றிவிட்டு மூடியைக் கடைசிவரை இறுக்காமல் முதல் படியிலேயே விடச் சொன்னார், அழுத்தம் ஏறாது, டியூபும் பிய்யாது. மெதுவாகத் திரும்பி கோம்பாக் வந்து சேர்ந்தேன். கல்யாணச் சாப்பாடு போச்சு, அது வேறு. அவர் காசு வாங்கவில்லை.

ரேடியேட்டரில் முட்டை ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்பார்கள், உண்மைதான், வெள்ளைக்கரு வெந்து ஊசி ஓட்டையை அடைக்கும். ஆனால் நல்ல குழாயையும் சேர்த்து அடைக்கும். பழைய காரில் நான் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் ஓடியது, பிறகு ரேடியேட்டரே மாற்ற வேண்டியதாகிவிட்டது. கழற்றிய பட்டறைத் தவ்கே (முதலாளி) மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பாயான் பாரு அக்கா:
தம்பிகளா, எனக்கு மலையும் பாலமும் இல்லை, வீட்டு வாசலிலேயே பிரச்சினை. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' மட்டும். நம் ஊர்ச் சூட்டில் பேட்டரி சீக்கிரம் போகும், அதனால் எல்லோரும் உடனே புதுசு வாங்கு என்பார்கள். முதலில் பேட்டரி முனையைப் பாருங்கள். என்னுடையதில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய், இட்லியில் பூஞ்சை பிடித்த மாதிரி இருந்தது. கறுப்பு வயரை முதலில் கழற்றி, பிறகு சிவப்பு, சுடுதண்ணீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கலந்து முனைகள் மேல் மட்டும் ஊற்றினேன். நுரைத்துப் பொங்கி எல்லாம் கரைந்தது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, சிவப்பை முதலில் மாட்டி இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின். அதே பேட்டரி இன்னும் 8 மாதம் ஓடியது.

இன்னொன்று, பக்கத்து சீட் காலடியில் ஈரமா? மழை இல்லை, ஏர்கோன் தண்ணீர் வெளியே போகும் சின்னக் குழாய் அடைத்திருக்கும். காருக்கு அடியிலிருந்து என் மகன் சைக்கிள் பம்பால் இரண்டு தடவை அடித்தான், ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. நாற்றத்துக்குப் பாண்டான் இலை கட்டி பின்சீட்டில் வைத்தேன், கரப்பானுக்கும் நல்லது என்கிறார்கள், என் காரில் கரப்பான் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது.

ஈப்போ ரோடு:
எக்ஸாஸ்டில் ஓட்டை, கார் டிராக்டர் மாதிரி கத்தியது. தே தாரிக் (டீ) கடையில் காலி பால் டின் கேட்டு வாங்கி, மேலும் கீழும் வெட்டி விரித்துக் குழாயில் சுற்றி, இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினேன். மொத்தம் 4 வெள்ளி. பட்டறைக்குப் போகும்வரைதான் என்று நினைத்தேன், சத்தம் நின்றதும் மறந்தே போனேன். மூன்று மாதம். அப்புறம் ஜேமில் நிற்கும்போதெல்லாம் தலைவலி, மனைவிக்கும் வாந்தி வரும் மாதிரி. தூக்கிப் பார்த்தால் டின் துருப்பிடித்து ஒரு பக்கம் வாயைப் பிளந்திருந்தது. எக்ஸாஸ்ட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அன்றைக்கே வெல்டிங், 60 வெள்ளி.

பிறைவாசி:
அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் பேட்டரியையும் திறந்து பார்த்தேன், அங்கேயும் பச்சை. வீட்டில் ஆப்ப சோடா இல்லை, பேக்கிங் பவுடர்தான் இருக்கிறது, அது ஆகுமா?

பாயான் பாரு அக்கா:
வேண்டாம் தம்பி, அதில் மாவும் புளிப்பும் கலந்திருக்கும். கடையில் சோடாவே வாங்குங்கள், மலிவுதான்.