புதுப்பிப்பு: சென்னையில் கடல்நீர் மீன்தொட்டி

சென்னை வெயிலில் வீட்டுக் கடல்நீர்த் தொட்டி தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். இதுவரை தாங்குகிறது. இரண்டு கோமாளி மீன்கள் நன்றாகத் தீனி எடுக்கின்றன. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மெரினா தண்ணீர் போதாதா என்றார் ஒருவர். கரையோரத்தில் என்ன கழிவு கலந்திருக்குமோ, வேண்டாம். ஆர்ஓ தண்ணீரில் மீன்தொட்டிக்கான கடலுப்பைக் கரைத்து, ஒப்படர்த்தியை (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 1.025-இல் வைத்திருக்கிறேன்.

புதுத் தொட்டியில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாக்டீரியா மாற்றிப் பூஜ்யமாக்க நாலைந்து வாரமாவது பிடிக்கும். அம்மோனியா டெஸ்ட் கிட் குழாயில் பச்சை போய், பூஜ்யத்தைக் காட்டும் வெறும் மஞ்சள் நின்ற பிறகுதான் மீன் வாங்கக் கொளத்தூர் போனேன். நடுவில் மணல்மேல் காப்பிப்பொடி தூவினாற்போல் பழுப்புப் படலம் வரும். பயப்படாதீர்கள், டயட்டம் பாசிதான், பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

வெப்பம்தான் பெரிய தலைவலி. நீர்ப்பரப்பில் வீசும் சின்ன மின்விசிறி சூட்டைக் குறைக்கிறது, ஆனால் தண்ணீர் மளமளவென்று வற்றுகிறது. உப்பு ஆவியாகாது, அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சித்திரைக்குள் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கிவிடுவேன்.

அப்புறம், அந்தப் பாக்டீரியா குடியிருக்க உயிர்ப் பவளப்பாறை வாங்கச் சொன்னவர்களுக்கு: பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கடும் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பெயர்த்தெடுத்தது என் வீட்டுக்கு வேண்டாம். செராமிக் பாறையிலேயே பாக்டீரியா நன்றாகக் குடியேறிவிட்டது.