பேர் மறந்தவனுக்கு அடிதடி மட்டும் எப்படி மறக்கல?

கேள்வி: 'தி போர்ன் ஐடென்டிட்டி' (2002) நாயகனுக்குத் தன் பேரே தெரியல. ஆனா ஸூரிக் பூங்காவுல ரெண்டு போலீஸ்காரங்களைக் கண்ணிமைக்கிற நேரத்துல சாய்க்கிறான், ஜெர்மனும் சரளமா வருது. இது நடக்கிற காரியமா? சிஐஏ நிஜத்துல இப்படி யாரோட நினைவையாவது அழிச்சிருக்கா?

பதில் 1: பேர் மறந்தும் கைவித்தை நிக்கிறது நம்பக்கூடியதுதான். "எனக்கு என்ன நடந்தது"ங்கிற நினைவுக்கு ஹிப்போகேம்பஸ்ங்கிற மூளைப் பகுதி வேணும். கை பழகின வித்தைக்கு பேசல் கேங்லியா, சிறுமூளைங்கிற வேற மூளைப் பகுதிகள் போதும். எச்.எம். என்ற நோயாளிக்கு 1953ல வலிப்புக்காக ரெண்டு பக்க ஹிப்போகேம்பஸையும் பெருமளவு வெட்டி எடுத்தாங்க. கண்ணாடியில பார்த்து நட்சத்திரம் வரையற பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் பிழை குறைஞ்சது. ஆனா ஒவ்வொரு நாளும் "இதை முன்னாடி செஞ்சதே இல்லை"ன்னுதான் சொன்னார். ஒண்ணு கவனிங்க, எச்.எம்.முக்குப் புது நினைவு தங்காது. படத்துல தலைகீழ்: பழசு போச்சு, புதுசு நல்லாவே தங்குது.

பதில் 2: அந்தத் தலைகீழ்தான் விஷயமே. படத்துல நாயகன் மேல பாஞ்ச ரெண்டு குண்டும் முதுகுல, தலையில இல்ல. மூளை அடிபட்டா பெரும்பாலும் சமீபத்திய நினைவு போகும். சொந்தப் பேர் மட்டும் போய் மத்ததெல்லாம் நிக்கிறது அபூர்வம். அப்படி நின்னா மருத்துவர்கள் மனஅதிர்ச்சியைத்தான் முதல்ல சந்தேகிப்பாங்க. ஆன்சல் போர்ன்னு ஒரு மதபோதகர் (பேரைப் பாருங்க!) 1887 ஜனவரியில ரோட் ஐலண்டிலிருந்து காணாமப் போனார். பென்சில்வேனியாவுல ஏ.ஜே. பிரவுன்ங்கிற பேர்ல சின்னக் கடை நடத்தினார். மார்ச்ல ஒருநாள் கண் முழிச்சவருக்கு அந்த ரெண்டு மாசமும் நினைவில்ல. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890ல அவரை ஹிப்னாடிஸம் செஞ்சு பார்த்தார். அந்த நிலையில அவர் பிரவுனாவே பேசினார்.

பதில் 3: சிஐஏ பத்தி. மனசைக் கட்டுப்படுத்த முடியுமான்னு பார்த்த எம்கே-அல்ட்ராங்கிற ரகசியத் திட்டத்துக்கு அப்போதைய சிஐஏ தலைவர் ஆலன் டல்லஸ் 1953 ஏப்ரல்ல ஒப்புதல் கொடுத்தார். எல்எஸ்டி போதை மருந்து, ஹிப்னாடிஸம், மின்அதிர்ச்சி எல்லாம் அதுல உண்டு. 1973ல சிஐஏ தலைவரா இருந்த ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் அதோட கோப்புகளை அழிக்கச் சொன்னார். நிதிக் கணக்குக் கோப்புகளோட இடம் மாறிக் கிடந்த சுமார் 20,000 ஆவணம் மட்டும் தப்பி 1977ல வெளிவந்தது. கனடாவின் மான்ட்ரியல்ல மனநல மருத்துவர் டாக்டர் ஈவன் கேமரூன் நோயாளிகளைப் பல நாள் மயக்கத்துல வச்சு, வழக்கத்துக்கு மீறின மின்அதிர்ச்சி கொடுத்து, ஒரே வாக்கியத்தை டேப்ல ஓயாம ஓட்டினார். சிஐஏ பணமும் இதுக்குப் போச்சு. கிடைச்சது உளவாளி இல்ல. சிலருக்குக் குடும்பமே அடையாளம் தெரியல, கழிப்பறைப் பழக்கம்கூடப் போச்சு.

கேள்வி கேட்டவர்: அப்போ படத்துல வர்ற ட்ரெட்ஸ்டோன்ங்கிற சிஐஏ ரகசியத் திட்டம் வேணும்னே நினைவை அழிச்சதுங்கிறது?

பதில் 2: முதல் படத்துல அப்படி இல்ல. வொம்போசிங்கிற ஆப்பிரிக்கத் தலைவரைச் சுடப்போன இடத்துல அவர் பக்கத்துல குழந்தையைப் பார்த்து நாயகன் தயங்கினான், சுடப்பட்டுக் கடல்ல விழுந்தான். ட்ரெட்ஸ்டோனை நடத்துற காங்க்ளினுக்கு அவன் மறதி லாபமில்ல, தலைவலி. பயிற்சிங்கிற பேர்ல ஆளையே உடைச்சு மாத்தினாங்கங்கிறது 2007ல வந்த மூணாவது படத்துலதான் விரிவா வருது.