மெக்னீசியம் எரிப்புச் சோதனை: சமன்பாடு சரி, எடை மட்டும் 0.04 கிராம் குறைகிறது

வினா

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நிறை மாறா விதியை (வேதிவினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை ஒன்றே என்பதை) எடை போட்டே காட்ட விரும்பி, மூடியுள்ள பீங்கான் குரூசிபிளில் (சூடாக்கும் சிறு கலத்தில்) 0.48 கிராம் மெக்னீசியம் நாடாவைச் சுருட்டி வைத்துச் சூடாக்கினோம். 24 கிராம் மெக்னீசியம் 16 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்து 40 கிராம் ஆக்சைடு ஆகும் என்பதால் 0.80 கிராம் கிடைத்திருக்க வேண்டும். ஆறிய பின் எடை போட்டால் 0.76 கிராம்தான் இருந்தது. சாம்பலில் இலேசான மஞ்சள் சாயலும் தெரிந்தது. அணுக்கள் அழியாது என்றால் மீதி எங்கே போயிற்று என்று மாணவர்கள் கேட்கிறார்கள். விளக்கம் தந்து உதவ வேண்டுகிறேன்.

பதில் 1

காற்று புகுவதற்காக மூடியைத் தூக்கும்போது வெண்புகை வெளியேறியதா என்று பாருங்கள் ஐயா. அந்தப் புகையே மெக்னீசியம் ஆக்சைடுதான், போனது போனதுதான்.

பதில் 2

புகை ஒரு காரணம்தான் என்றாலும், மஞ்சள் சாயல் வேறொன்றைச் சொல்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். மூடிய கலத்துக்குள் ஆக்சிஜன் குறையக் குறைய, சூடான மெக்னீசியம் நைட்ரஜனையும் பிடித்துக்கொண்டு மெக்னீசியம் நைட்ரைடு ஆகிறது. மூன்று மெக்னீசியம் அணுக்கள் மூன்று ஆக்சிஜன் அணுக்களை ஏற்றால் நிறை 72 என்பது 120 ஆகும். இரண்டு நைட்ரஜன் அணுக்களை ஏற்றால் 100 மட்டுமே ஆகும். ஆகவே குறைந்த எடையில் பெரும்பகுதி வெளியே போனதன்று, உள்ளே வரவே இல்லை. மாணவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கலம் நன்றாக ஆறிய பின் சில சொட்டு நீர் விடுங்கள். ஒரு நைட்ரைடு அலகுக்கு ஆறு நீர் மூலக்கூறுகள் செலவாகி, மூன்று மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் இரண்டு அம்மோனியாவும் உண்டாகும். இருபுறமும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்: மெக்னீசியம் 3, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 6, ஹைட்ரஜன் 12. பிறகு மீண்டும் வலுவாகச் சூடாக்கினால் ஹைட்ராக்சைடு நீரை இழந்து ஆக்சைடாகும்.

வினவியவர்

நீர் விட்டதும் அம்மோனியா நெடி வந்தது. மேலே பிடித்த ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாயிற்று. மீண்டும் சூடாக்கி ஆறவைத்தபோது 0.79 கிராம் இருந்தது. எஞ்சிய 0.01 கிராமுக்கு என்ன சொல்வது?

பதில் 2

உங்கள் தராசு 0.01 கிராமுக்குக் கீழே காட்டாது என்றால் அதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. எரியாத உலோகம் இருக்கிறதா என்று அறிய, சாம்பலில் சிறிது எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். குமிழி வந்தால் அது ஹைட்ரஜன், உலோகம் எஞ்சியிருக்கிறது என்று பொருள்.

விதியையே நேராகக் காட்ட வேண்டுமானால் திறந்து மூடும் கலம் பொருந்தாது. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1774இல் வெள்ளீயத்தை அடைத்த கலத்தில் சூடாக்கி, திறப்பதற்கு முன்பே எடை போட்டார், எடை மாறவில்லை. திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, எடை கூடியது. அடுத்த வகுப்பில், இறுக மூடிய புட்டிக்குள் சோடியம் சல்பேட், பேரியம் குளோரைடு கரைசல்களைக் கலந்து காட்டுங்கள்: வெண்மையான வீழ்படிவு உண்டாகும், வாயு எதுவும் வராது, முன்னும் பின்னும் எடை ஒன்றாகவே இருக்கும். பேரியம் குளோரைடு நச்சுப்பொருள் என்பதால் அதை நீங்களே கையாளுங்கள்.