பதில்: 'நெகிழ் உணரி' வேண்டாம், 'ஏட்டுணரி' என்போம்

வணக்கம் ஐயா.

காற்றில் கலந்த மாசு வாயுக்களைக் கண்டறியும், வளையக்கூடிய கிராபீன் (ஓரணுத் தடிமனுள்ள கரிமப் படலம்) உணரிக்கு, அதாவது sensor-க்கு, 'நெகிழ் உணரி' என்று பெயரிடலாம் என்ற தங்கள் பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. இங்கே பினாங்கில் என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "நெகிழிப் பையில் செய்ததா ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பிளாஸ்டிக்குக்கு நெகிழி என்று கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாமே! மேலும், நெகிழ்தல் என்றால் தளர்ந்து கழல்வது. சங்கப் பாடல்களில் தலைவியின் வளை நெகிழும். கிராபீன் படலம் தான் ஒட்டியிருக்கும் அடித்தாளை விட்டுக் கழன்றால் கருவியே போயிற்று.

இதே கருவிக்கு அம்மையார் ஒருவர் சொன்ன 'வளையுணரி' அதைவிடப் பெரிய பிழை. வளைவை அளக்கும் உணரி தனியாகவே இருக்கிறது. கிராபீனை வளைத்தாலும் மின்தடை மாறும், வளி (வாயு) பட்டாலும் மாறும். நைட்ரஜன் டை ஆக்சைடு வந்து ஒட்டினால் கிராபீனின் எலெக்ட்ரானைப் பறிக்கும். சாதாரணக் காற்றில் இருக்கும் கிராபீனில் அதனால் தடை குறையும். அம்மோனியா எலெக்ட்ரானைக் கொடுக்கும், தடை கூடும். எது வளைவால் வந்தது, எது வளியால் வந்தது என்று பிரித்தறியத்தான் ஆய்வாளர்கள் இத்தனை பாடுபடுகிறார்கள். அந்தக் குழப்பத்தை நாமே பெயரில் ஏற்றி வைக்கலாமா?

என் பரிந்துரை 'ஏட்டுணரி'. காய்ச்சிய பால் ஆறியதும் மேலே படியும் பாலேட்டைக் கரண்டியால் தூக்கிப் பாருங்கள். அவ்வளவு மெல்லியது; கரண்டி விளிம்பில் மடிந்து தொங்கும், ஆனாலும் ஒரே படலமாக வரும். பனையோலையும் அப்படித்தான்: வேகவைத்து, உலர்த்திப் பதப்படுத்தினால்தான் எழுத்தாணிக்கு முறியாத ஏடாகும். மென்மை, வளைவு இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஏடு என்றால் நூல் அல்லவா என்று கேட்பீர்கள். நாளேட்டைப் படித்துக்கொண்டே பாலேட்டை ஒதுக்குகிறோம், யாரும் குழம்புவதில்லை.

வாயுவை விட வளியே நல்லது. உயிர்வளி, கரிவளி என்று பிள்ளைகள் ஏற்கனவே படிக்கிறார்கள். ஆகவே முழுப்பெயர் 'மாசுவளி ஏட்டுணரி'. கிராபீனை அப்படியே விட்டுவிடலாம். 2004இல் மான்செஸ்டரில் பிரித்தெடுக்கப்பட்ட அதற்குப் பல மொழிகளிலும் அதே பெயர்தான்.

நான் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. 2019 மார்ச்சில் இங்கே மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டிய வேதிக்கழிவின் நச்சாவியால் 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அதைப் பற்றி வகுப்பில் பேசும்போது, காற்றில் நஞ்சு இருப்பதை முன்பே சொல்லும் கருவிக்கு என்ன பெயர் என்று கேட்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை அறிவியல் மூலையில் ஒட்டப்போகும் அட்டையில் இந்தப் பெயரை எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், ஐயா.