தகவல் சொன்னவருக்கு அபராதத்தில் பாதியா?

ஏரிக்கரையான்:
நேற்று இங்கே குறுவைக்காரர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பறவை பிடிப்பவரைப் பற்றி வனத்துறைக்குச் சொல்கிறவர்கள் எல்லாம் அபராதத்தில் பாதி கிடைக்கும் என்பதற்காகவே சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மூன்று ஆண்டுகளாகத் தகவல் சொல்லி வருகிறேன். ஒரு பைசா வாங்கியதில்லை. போன கார்த்திகையில் சம்பா வயல் வரப்பில் மடையான் என்னும் கொக்கு ஒன்றைக் கண்டேன். காலில் கயிறு, இரண்டு கண்ணிமைகளும் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தன. அது தடுமாறிச் சிறகடிப்பதைப் பார்த்து, மேலே பறக்கும் கூட்டம் இரை இருக்கிறதென்று இறங்கி, சுற்றிலும் வைத்த கண்ணியில் சிக்கும். அந்த நூலைப் பிரித்தெடுத்தவன் நான். என்னைக் கூலிக்குச் சொல்பவன் என்கிறாரா?

குறுவைக்காரர்:
இல்லாததை நான் எழுதவில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, 60-ஏ பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவியவருக்கு அபராதத்தில் 50 விழுக்காடு. எங்கள் ஊர்ப் பள்ளியில் 50 விழுக்காட்டைப் பாதி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு நாலு கொக்கு பிடிப்பதெல்லாம் ஒரு குற்றமா?

ஏரிக்கரையான்:
‘மிகாமல்’ என்ற சொல்லை விழுங்கிவிட்டீர்கள். 50 விழுக்காட்டுக்கு மிகாமல், அதுவும் நீதிமன்றம் விரும்பினால் வழங்கலாம் என்பதுதான் பிரிவு. வழக்கு நடந்து, அபராதம் விதித்த பிறகே அந்தப் பேச்சு எழும். 2022 திருத்தத்திற்குப் பிறகு பொதுவான குற்றங்களுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம் என்பதால், சொன்னவன் வீட்டுக்கு ஐம்பதாயிரம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டீர்களோ?

அலையாத்தி:
பாதியோ கால்வாசியோ, சொன்னவன் பெயர் வெளியே போகாமல் இருந்தால் போதும். கோடியக்கரைக்கும் வடுவூருக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் வரும் பறவைகள் சரணாலய எல்லைக்குள்ளேயே இரை தேடுவதில்லை. நம் வயலுக்கும் வாய்க்காலுக்கும் வருகின்றன. அங்கே காவலர் இல்லை, நாம்தான் இருக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலையில் ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். மாலையில் பறவை விற்றவரே எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, “ஏன் மாமா, என்னிடமே சொல்லியிருக்கலாமே” என்றார். குரலை உயர்த்தவில்லை. என் மனைவி அன்று இரவு சாப்பிடவில்லை. அதன் பிறகு நான் யாருக்கும் சொல்லவில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

குறுவைக்காரர்:
அலையாத்தி ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் பாதி என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. மேலும், மடையான் மடையான் என்கிறாரே, எங்கள் பக்கம் அது குருட்டுக் கொக்கு.

ஏரிக்கரையான்:
இரண்டும் ஒரே பறவைதான். என் பாட்டனார் காலத்திலிருந்து மடையான் என்றே சொல்கிறோம். அதை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை.

வெட்டாற்றுத் தம்பி:
ஏரிக்கரையான் அண்ணன் பறவைக்காகப் பேசுவது நல்லதுதான். போன கோடையில் குளம் இறைத்தபோது பாலாமைகள் சாக்கில் கட்டிப் போனதே, அப்போது கரையில் நின்றீர்கள். பாலாமை அந்தச் சட்டத்தில் மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். மீன் குத்தகை உங்கள் பங்காளியுடையது என்பதால்தானே வாய் திறக்கவில்லை?

ஏரிக்கரையான்:
நான் வந்தபோது சாக்கு ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. குத்தகைத் தகராறில் எங்கள் குடும்பத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அலையாத்தி ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன்: உள்ளூர் அலுவலகம் ஒன்றோடு கதை முடிந்துவிடுவதில்லை. ஒன்றிய அரசின் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. உங்கள் தெருவில் யார் யாருக்கு மாமன் மச்சான் என்று அங்கே தெரியாது. நாள், நேரம், இடம், வண்டி எண், உங்களைக் காட்டிக்கொடுக்காத படம் ஆகியவற்றை அனுப்புங்கள். யாருமே அசையவில்லையென்றால், 55-ஆவது பிரிவின்படி 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம்.

அலையாத்தி:
நீதிமன்றத்தில் புகார் செய்தால் பெயர் எழுத வேண்டுமே, தம்பி.

குறுவைக்காரர்:
எழுதினால்தானே பாதி வாங்க முடியும்?

ஏரிக்கரையான்:
மிகாமல் ஐயா, மிகாமல். எத்தனை முறை எழுதுவது?

வெட்டாற்றுத் தம்பி:
சாக்கு வண்டியில் ஏறிய பிறகாவது சொல்லியிருக்கலாமே. அதற்கு இன்னும் நீங்கள் பதில் எழுதவில்லை.